ஊறிப்போன ராமென்

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. சண்டை மட்டும் தமிழில் போடுவோம். போன வருடத்திலிருந்து அப்பாவும் நானும் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால் வீட்டு நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் சபரீஷ். தொண்டாமுத்தூர்க்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் சொன்ன அன்றைக்கே அப்பா, பெரியப்பாவை வைத்துக்கொண்டு, "என்ற உசுரு இருக்கற வரைக்கும் அந்த ஊட்டுச் சோத்துல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் கோயம்புத்தூர் கணபதியில் பம்பு உதிரிபாகம் வார்க்கிற வரதராஜுலு. வார்த்த இரும்பு சரியில்லை என்றால் உருக்கி மறுபடி வார்ப்பார். சொன்ன சொல்லை மட்டும் உருக்க மாட்டார்.

கை நனைப்பது எங்கள் பக்கம் சாதாரண விஷயம் இல்லை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் காபி, மிக்சர் வரைக்கும் பரவாயில்லை. பேச்சு முடியாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் மாற்றிப் பேசுகிறவனை ஊர் மனுஷனாகவே மதிக்காது.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தவன் சபரீஷ். "ரெண்டு ஊடும் வேண்டாம் ஹாரிகா. ஹோட்டல்ல பேசிக்கலாம். அது யாரூட்டுச் சோறும் இல்லையில்ல." அதுவும் நம் சொந்தக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடமாக இருக்கட்டும் என்று ரேஸ் கோர்ஸ் பக்கம் புதிதாக வந்திருக்கிற ஜப்பான் நூடுல்ஸ் கடையைப் பிடித்தான். ராமென் கடை. நானும் தலையாட்டினேன். புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று தெரியவில்லை.

அவன் வீட்டிலும் சும்மா வரவில்லை. "இந்த ஒரு தடவை வாரோம். அவங்க முடியாதுன்னு சொல்லிப்போட்டா, அப்புறம் நாங்க பாக்கற புள்ளயத்தான் நீ கட்டோணும்" என்று சொல்லித்தான் கிளம்பினார்கள். இவனும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஆக, அன்றைக்கு அந்த மேசையில் அப்பா தலையசைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஒரு பக்கம் அப்பா, அம்மா, நான். எதிர்ப்பக்கம் சபரீஷின் அப்பா தம்பிதுரை, அம்மா சாமியாத்தாள், நடுவில் பரீட்சை எழுதப் போகிறவன் முகத்தோடு சபரீஷ். சனிக்கிழமை ஆகையால் எல்லோருக்கும் காளான் ராமென் சொன்னான். அதுதான் அவன் செய்த தப்பு. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கிண்ணங்கள் ஆவி பறக்க வந்தன. கடையைப் பார்த்துக்கொள்கிற ஆஃப்ரின் என்ற பெண் சிரித்த முகமாக, "சூடா சாப்பிட்டுருங்க, வெச்சிருந்தா நூடுல்ஸ் ஊறிப்போயிரும்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாப்பாடுதான் வந்துவிட்டதே என்று அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டார்.

"சாப்புடுங்க" என்றார் தம்பிதுரை.

"நீங்க சாப்புடுங்க" என்றார் அப்பா.

"நீங்க ஆரம்பிங்க."

"பரவாயில்லீங்க, நீங்க மொதல்ல."

நான் குனிந்து அப்பாவின் காதில், "ஹோட்டல்தானப்பா, சாப்பிடுங்க" என்றேன். அவர் உதடு அசையாமல் சொன்னார்: "கூப்புட்டது அவிங்க. சொன்னது அந்தப் பையன். அப்ப இது யாரூட்டுச் சோறு?"

ஜப்பானில் இருந்து கடை வந்தாலும் நம் ஆட்கள் அதைத் தொண்டாமுத்தூர் வீடாக்கிவிடுவார்கள். அவர் சாப்பிடாமல் அவர்களும் சாப்பிட மாட்டார்கள். விருந்தாளி பட்டினி உட்கார்ந்திருக்க அவர்கள் வாயில் எப்படி இறங்கும்? ஆறு கிண்ணம், ஆறு பேர், ஒருத்தர் கையும் மேசைக்கு மேலே வரவில்லை.

சரி, வந்த விஷயத்தையாவது பேசுவார்கள் என்று பார்த்தேன். தம்பிதுரை ஆனையைப் பற்றிப் பேசினார். போன வாரம் தோப்புக்குள் வந்து தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப்போட்டதாம். அப்பா ரொம்ப அக்கறையாக, "கம்பி வேலி போட்டும் வருதுங்களா?" என்று கேட்டார். வருகிறதாம். எங்கே வழியாக வருகிறது, எந்த மரத்தைத் தள்ளியது, காட்டிலாகா ஆள் என்ன சொன்னார், எல்லாம் வந்தது. அடுத்து கரண்ட். அடுத்து மழை. அப்புறம் மறுபடி ஆனை. என் கல்யாணத்தைத் தவிர கோயம்புத்தூர் ஜில்லாவில் இருக்கிற எல்லாவற்றையும் பேசினார்கள். ஒருவருக்கொருவர் ஒரு 'ங்க'கூடக் குறைக்கவில்லை. மரியாதையிலேயே மனுஷனைக் கொன்றுபோடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கிண்ணத்தில் நூடுல்ஸ் சாற்றையெல்லாம் குடித்து உப்பிக்கொண்டே வந்தது. ஆஃப்ரின் வந்து பார்த்தாள். "ஏனுங்க, நல்லா இல்லீங்களா? மாத்திக் கொண்டுவரட்டுங்களா?"

"நல்லாத்தான் இருக்குதும்மா" என்றார் அப்பா, வாயில் வைக்காமலே.

எனக்கு அந்தக் கிண்ணத்தைத் தூக்கி என் தலையிலேயே கவிழ்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. எதிரே சபரீஷ் கண்ணாலேயே 'பொறு' என்றான். பொறுத்துப் பொறுத்துத்தானே இந்தக் கதிக்கு வந்தது? வாயைத் திறந்து நானே கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தேன். மேசைக்கு அடியில் அம்மா தொடையைக் கிள்ளினாள்.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். ஏசி காற்றுக்கு நேராக உட்கார்ந்திருந்தவர் நெற்றியில் வேர்வை. தண்ணீர் டம்ளரை எடுத்த கை நடுங்கியது. மாத்திரை போட்டுவிட்டு இவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

"ஏனுங்க, மிட்டாய் எங்கீங்க?" என்று அம்மா பதறினாள். இப்படி ஆனால் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தினமும் காலையில் அவர் சட்டைப்பையில் ஆரஞ்சு மிட்டாய் வைப்பது அவள்தான்.

"தீந்துபோச்சு" என்றார்.

ஆஃப்ரினிடம் ஏதாவது ஜூஸ் கேட்க நான் எழுந்தேன். அதற்குள் சாமியாத்தாள் எட்டி அப்பாவின் கிண்ணத்தை அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டார்.

"ஏனுங்ணா, மொதல்ல சாப்புடுங்க. கை நனைச்சுட்டாருன்னு நாங்க ஒண்ணும் புடிச்சுக்க மாட்டமுங்க. சாப்புட்டு எந்திரிச்சு, வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போங்க. உசுரைவிடப் பெருசுங்களா இதெல்லாம்?"

அப்பா அவரை ஒரு தரம் பார்த்தார். "சாப்புட்டுப்போட்டு வேண்டாம்னு சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க" என்றார்.

சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். குச்சிகளை ஓரமாக ஒதுக்கினார். கரண்டியில் நூடுல்ஸ் நிற்காமல் வழுக்கியது. கடைசியில் கையையே விட்டு அள்ளினார். முழங்கை வரைக்கும் சாறு வழிந்தது. ஆறி, ஊறி, கூழாகிக் கிடந்த அந்த ராமெனை ஒரு காளான் மீதி வைக்காமல் சாப்பிட்டு முடித்தார். நாங்கள் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகத் தம்பிதுரையிடம் கேட்டார்:

"தை மாசம் தோப்பு வேலை ஒழியுமுங்களா?"

தம்பிதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "தையில ஒழிஞ்சுருமுங்க."

அவ்வளவுதான். என் கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. கல்யாணம் என்ற வார்த்தையை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சாமியாத்தாள் என் கையைப் பிடித்து, "அம்மணி, சாப்புடு கண்ணு" என்றார். சபரீஷ் கண்ணைத் துடைத்தான். எல்லோரும் குச்சியும் கரண்டியுமாகக் குனிந்துவிட்டார்கள். நான் மட்டும் கிண்ணத்தைத் தொடவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் கோபம்தான் வந்தது. சாப்பிடாமல் கிடந்தேன், அழுதேன், கெஞ்சினேன், ஒரு வருடமாக மனுஷர் அசையவில்லை. ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்கு இறங்கிவிட்டார். பெற்ற மகளைவிட மரியாதைதான் பெரிதா?

திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். பின் சீட்டில் அம்மா பெரியம்மாவிடம் போனில், "ஆமாங்க்கா, மயக்கம் வந்துருச்சு. ஆபத்துக்குச் சாப்புட வேண்டியதாப் போச்சு. கை நனைச்சப்புறம் என்னத்தப் பேசறது?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியப்பாவாலும் அதை மறுக்க முடியாது. பக்கத்தில் அப்பா கைக்குட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். கைக்குட்டையோடு என்னவோ வந்து மடியில் விழுந்தது.

ஆரஞ்சு மிட்டாய். இரண்டு. காகிதம்கூடக் கசங்கவில்லை.

சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"தீந்துபோச்சுன்னீங்க."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"நெஜமாவே மயக்கம் வந்துச்சா இல்லையா?"

"கொஞ்சம் வந்துச்சு."

"சரின்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்லப்பா. ஒரு வருசமா அழுதுட்டு இருக்கேன். ஒரே ஒரு வார்த்த. எல்லாருமே சூடா சாப்புட்டிருக்கலாம்." என் குரல் உடைந்துபோனது. அம்மா போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அப்பா மடியில் கிடந்த மிட்டாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "நுவ்வு தின்னாவாம்மா?" என்று கேட்டார்.

நீ சாப்பிட்டாயா என்று. தெலுங்கில்.

"இல்ல" என்றேன் தமிழில். ஒரு வருடக் கோபம் ஒரு சிக்னலில் தீர்ந்துவிடுமா? ஆனால் பசி உயிர் போனது. ரோட்டைப் பார்த்தபடியே இடது கையை நீட்டினேன். அவர் மிட்டாயைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தார்.