ஹபீல் மாஸ்டரின் தலையளவு

மனைவி மௌத்தான பிறகு ஹபீல் மாஸ்டர் இத்தா இருந்தார்.

கண்டியின் கட்டுக்கலையில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது மார்க்கம். ஆணுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஹபீலோ பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வார். நாலு மாதம் பத்து நாள் போயிற்று. ஒரு வருடமும் போயிற்று. "மாஸ்டர் மூணு பொம்பளைக்குச் சேத்து இருக்கார் போல" என்று முடிவெட்டும் கடையில் யாரோ சொன்னது அவர் காதுக்கே வந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டுமே.

சாத்திக்கொண்ட அந்த அறையும் அவருடையதல்ல. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பது அவர்கள் வழக்கம். முன்னறை மாப்பிள்ளைக்கு. இங்கே பெண் போய்விட்டாள், மாப்பிள்ளை மிஞ்சிவிட்டார், பந்தி எடுத்த பிறகும் கை கழுவ எழும்பாத விருந்தாளி மாதிரி. மாமனார் முனாப் ஹாஜியார் இளகிய மனிதர். போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாமியார் ஆஸியா உம்மா மருமகனோடு நேரே பேசுவதில்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று இருமுவார். சோறு வைத்தாயிற்று என்றால் ஓர் இருமல். அழுக்கு உடுப்பைப் போடுங்கள் என்றால் இரண்டு.

1933இல் இளைய மகள் ஸக்கியாவுக்கு அக்குறணையில் மாப்பிள்ளை முடிவானது. பையன் பெயர் பாயிஸ். கண்டி மார்க்கெட்டில் கடை. அன்று மாலை சீலைக்குப் பின்னாலிருந்து நீண்ட, கணக்கில்லாத இருமல் கேட்டது. ஹபீல் புரிந்துகொண்டார். முன்னறைக்கு ஆள் வருகிறது.

கல்யாணத்துக்கு இரண்டு கிழமை முன்னால் மணப்பெண் தன் கையால் தைத்த சாமான்களைத் தட்டில் வைத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பூப்போட்ட தலையணை உறை நாலு, லேஞ்சி என்கிற கைக்குட்டை ஆறு, வெள்ளைத் தொப்பி ஒன்று. ஸக்கியாவுக்கு ஊசியைக் கண்டாலே கை வியர்க்கும். அவள் புத்தகப் புழு. ஒரு நாள் ஹபீலின் புத்தகமொன்றைத் திருப்பித் தர வந்தவள், கையிலிருந்த தலையணை உறையைக் கதிரையில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள்.

அதில் ஒரு ரோசாப்பூ இருந்தது. ரோசா என்று அவள் சொன்னதால் ரோசா. பார்வைக்கு முட்டைக்கோவா.

ஹபீல் வாத்தியார். பிழையைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. பிளேடால் தையலைப் பிரித்தார். பிரித்த பிறகு அங்கே வெறும் ஓட்டைகள். மனச்சாட்சி உறுத்தியது. உறையிலேயே செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி, சிவப்பு நூலை இழுத்தார். நூல் துணிக்குள்ளே மெல்லிய சத்தத்தோடு வழுக்கி வந்து நின்றது. மறுபடி குத்தினார், இழுத்தார். ஓர் இதழ் முடிந்தபோது அறை இருட்டியிருந்தது. தேத்தண்ணி ஆறி ஏடு கட்டியிருந்தது. ஒரு வருடமாக எந்தத் தேத்தண்ணியும் அவரிடம் அப்படி ஆறியதில்லை. வந்ததும் குடித்துவிடுவார், அதில் சூடு இருக்கிறதா சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாமல்.

"மச்சான், இத நீங்களா தெச்ச?" மறுநாள் ஸக்கியா வாசலில் நின்று கேட்டாள்.

"கோணலா ஈந்திச்சி. திருத்தினேன்."

"மத்த மூணும் கோணல்தான்." ஓடிப்போய் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். லேஞ்சிகளும் வந்தன. "உம்மாக்கிட்ட சென்னீங்கெண்டா நான் கெணத்துல பாய்வேன்."

"நம்மட ஊட்டுல கெணறு இல்லியே."

"பக்கத்தூட்டு கெணத்துல."

இப்படியாக, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை தேறிய ஹபீல் மாஸ்டர் தன்னை அறையிலிருந்து கிளப்பப்போகிறவனுக்குத் தலையணை உறை தைக்கத் தொடங்கினார். நாலு சுவருக்குள் அவருக்கே சிரிப்பு வந்தது. கையை நிறுத்த முடியவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே மஞ்சள் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை என்ற கேள்வியோடு விழித்தார். வகுப்பில் பையன்கள் சொல்வதெழுதிக்கொண்டிருக்க, அவர் மனம் கைலேஞ்சி ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தது. ஜும்ஆவில், அல்லாஹ் மன்னிக்க வேண்டும், முன் வரிசைக்காரரின் தொப்பியில் எத்தனை ஓட்டுத் தையல் என்று எண்ணிவிட்டார். வீட்டில் மேசை நிறைய அப்பியாசக் கொப்பிகளை அடுக்கி, அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்தார். "பாவம், புள்ளைகள்ட கொப்பிய எவ்வளவு கருசனையா திருத்துறார்" என்று மாமனார் ஊரெல்லாம் சொன்னார்.

பூவேலையைத் தையற்காரர்கூடச் செய்யமாட்டார். தையற்காரர் கோட்டுத் தைப்பார், காற்சட்டை தைப்பார். மச்சினியின் தலையணையில் ரோசாப்பூ போடும் மாப்பிள்ளையைப் பற்றி ஊர் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டால் பள்ளிக்கூடத்துக்கு வேறு பாதையால்தான் போக வேண்டும்.

தொப்பிதான் சோதனை. இரண்டு மடிப்பு வெள்ளைத் துணிக்கு நடுவே தடித்த நூலைக் கொடுத்து, அதன் இரு கரையிலும் நுணுக்கமாக ஓட்டித் தைத்துக்கொண்டே சுற்றிவர வேண்டும். அப்படிப் பதினாறு சுற்று. மாப்பிள்ளையின் தலையளவுக்கு வெட்டிய கயிறு ஒன்று அக்குறணையிலிருந்து வந்திருந்தது.

"எங்க அது?" என்று கேட்டார் ஹபீல்.

"புத்தகத்துல அடையாளத்துக்கு வெச்சேன். எந்தப் புத்தகமெண்டு தெரியா." ஸக்கியா அலட்டிக்கொள்ளவில்லை. "எல்லாந் தலதானே மச்சான்."

ஹபீல் யோசித்தார். வீட்டில் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு தலை இருந்தது. அதைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கண்ணாடி முன் நின்று தொப்பியை வைத்துப் பார்த்தார். கச்சிதம். கணக்குப் பரீட்சையில் விசேட சித்தி பெற்றவர், பையன்கள் தன்னை முதுகுக்குப் பின்னால் பூசணிக்காய்த் தலை என்று கூப்பிடுவதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தட்டுகள் போயின. புதன்கிழமை பாயிஸின் தாய் றலியா உம்மா, தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ்ஸேறி வந்துவிட்டார். வயது அறுபது. திரை மறைவெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கூடத்துக் கதிரையில் உட்கார்ந்து, முந்தானைக்குள்ளிருந்து தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஹாஜியார், ஏண்ட மகன் இத போட்டான். கண்ண மூடி மூக்குல வந்து நிண்டிச்சி. கயிறு அனுப்பினேனே, ஒங்கட மகள் யார்ட தலைக்கு அளவெடுத்த?"

முனாப் ஹாஜியார் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தம் கேட்டு ஹபீல் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. றலியா உம்மாவின் கண் அவர் முகத்தில் நிற்கவில்லை, இன்னும் மேலே போயிற்று.

"மாஸ்டர், இங்க வாங்கோ. இத கொஞ்சம் போட்டுக் காட்டுங்கோ."

ஹபீல் சொன்னபடி செய்பவர். போட்டார். தொப்பி அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது, எடுத்த அளவுதானே. பழக்க தோஷத்தில் விரலால் முன்பக்கத்தைக் கொஞ்சம் சரித்தும் விட்டார்.

"மூத்தவ மௌத்தாகி வருசமாவுது," என்றார் றலியா உம்மா, குரலை உயர்த்தாமல். "மச்சான் ஊட்டோட ஈக்கார். எளயவ தெச்ச தொப்பி மச்சான்ட தலைக்குச் சரி. இவங்க ரெண்டு பேருக்கும் மனசு ஈந்தா நிக்காஹ்வ செஞ்சி வைங்கோ, அதுல பாவமில்ல. ஏண்ட மகன ஏன் நடுவுல இழுக்கிய?"

மாமனார் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. சீலைக்குப் பின்னால் இருமல்கூட இல்லை. ஹபீல் மனக்கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் நாளைக்கு வகுப்பில் கரும்பலகை நிறைய ரோசாப்பூ இருக்கும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கும், பெயரும் கெடும்.

"தொப்பிய தெச்சது நான்," என்றார்.

"எனத்த?" என்றார் றலியா உம்மா.

"நான்தான் தெச்சேன். லேஞ்சியும். தலவாணி ஒறையும். எல்லாம் நான்."

றலியா உம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார்.

"மச்சினிட மானத்த காப்பாத்தப் பாக்கிறார்," என்றார் றலியா உம்மா. "நல்ல மனிசன். பொய் சொல்லத்தான் தெரியா."

"பொய் இல்ல மாமி!" சீலைக்குப் பின்னாலிருந்து ஸக்கியா கத்தினாள். "எனக்கு ஊசில நூல் கோக்கவே தெரியா!"

"பாத்தீங்களா, ரெண்டு பேரும் ஒரே பேச்சு."

உண்மை சொல்லச் சொல்லப் பொய்யாகிக்கொண்டு வந்தது. ஹபீல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். றலியா உம்மா எழும்புகிறவர் போல முந்தானையைச் சரிசெய்தார். பிறகு தொப்பியைக் கையிலெடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, ஓரிடத்தில் நகத்தை வைத்தார்.

"எப்படியும் தையல் மோசம். இந்தா, இந்தச் சுத்து கோணல்."

"எது கோணல்?"

கூடத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஹபீலும் திடுக்கிட்டார். அந்தக் குரல் அவருடையது.

"இது. ஏழாவது."

"ஏழாவது கோணலா? கொண்டாங்க இப்படி!" தொப்பியைப் பிடுங்கினார். "நாலு தரம் பிரிச்சித் தெச்ச சுத்து இது! ஓர் அங்குலத்துக்குப் பதினெட்டுக் குத்து! எண்ணிப் பாருங்கோ! இந்தக் கண்டியில எந்தப் பொம்பள அங்குலத்துக்குப் பதினெட்டுக் குத்து குத்தியிருக்கா? உள்பக்கத்த பாருங்கோ, ஒரு முடிச்சு காட்டுங்கோ, நான் இண்டைக்கே ஊர விட்டுப் போறேன்! கோணலாம்!"

மூச்சிரைத்தது. வெளியே தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். மனைவியை அடக்கம் செய்த நாளில்கூட அந்த வீடு அவர் குரலைக் கேட்டதில்லை.

றலியா உம்மா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரிதான். இது இவர்ட தையல்தான்," என்றார் தம்பியிடம். "அடுத்தவ தெச்சதுக்கு ஒரு மனிசன் இப்படிச் சண்டைக்கு வரமாட்டான்."

முனாப் ஹாஜியார் மெதுவாக, "புள்ளைக்குத் தைக்கத் தெரியாதெண்டு..." என்று இழுத்தார்.

"எனக்கும்தான் தெரியா. ஏண்ட கல்யாணத்துக்கு எல்லாம் ஏண்ட மூத்த ராத்தா தெச்சது. கோணல் நேரெல்லாம் நான் எங்க கண்ட?" றலியா உம்மா எழும்பினார். "நாள மாத்தத் தேவல்ல. மாஸ்டர், பாயிஸுக்குச் சின்னத் தல. ரெண்டு வெரல் கொறைங்கோ."

அவர்கள் போன பிறகு சீலைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவர் ஸக்கியா. மற்றவர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார்.

ஹபீல் முன்னறைக்குப் போனார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். தொப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஏழாவது சுற்றை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கொஞ்சம் கோணல்தான்.