அம்மாவின் முறை

பைகளை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று அரண்மனைக் காவலாளி சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் அம்மா கல்பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்காகவா ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினாள்? கோட்டையா, கலங்கரை விளக்கமா, எங்கே போனாலும் அம்மா வாசலோடு சரி. யாராவது ஒருவர் பையோடு உட்கார வேண்டும். அந்த யாராவது எப்போதும் அம்மாதான். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டில் எப்படி இருந்தது என்று கேட்டால், "வாசல்ல நல்ல காத்து" என்பாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்றுகொண்டே விரிப்புகளைத் தேய்த்துத் தேய்த்துக் கால் நரம்பெல்லாம் முடிச்சிட்டுப் போனவள். உட்கார இடம் கிடைத்தால் அவளுக்கு அதுவே அரண்மனை.

ஆனால் இந்த அரண்மனை வேறு. போன மாதம் டிவியில் இதன் கண்ணாடி மண்டபத்தைக் காட்டியபோது அம்மா டீயைக் குடிக்க மறந்து பார்த்தாள். "ஒரு தீக்குச்சி கிழிச்சா கூரை பூரா நட்சத்திரமாத் தெரியுமாம்டி." கூட்டிப்போ என்று கேட்கவில்லை. அவள் எதையும் கேட்டதில்லை. மகள்தான் கேட்டதாக எடுத்துக்கொண்டு டிக்கெட் போட்டாள்.

"இன்னிக்கு அந்தக் கதையே வேணாம். நீ உள்ள வர்றே."

"அப்ப பையை உங்கப்பா வந்து பாத்துப்பாரா?" என்றாள் அம்மா. அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. பக்கத்தில் அண்ணனோடு நின்ற அண்ணி பக்கென்று சிரித்துவிட்டாள்.

பை வைக்கிற அறை பூட்டிக் கிடந்தது. அண்ணன் பஞ்சாயத்துப் பண்ணினான். "முறை வச்சுக்கலாம். நாம மூணு பேரும் முதல்ல ஒரு சுத்து பாத்துட்டு வரலாம். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பையோட உக்காந்துக்கறோம். நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

"கண்ணாடி மண்டபத்துக்கு நான் இப்ப வரமாட்டேன்," என்றாள் மகள். "அம்மாவோடதான் பாப்பேன். அதுவரைக்கும் நானும் இங்கயே உக்காந்துடறேன்."

"போடி, இங்க உக்காந்து என் மூஞ்சியவா பாக்கப் போறே?" அம்மா அவளை விரட்டினாள். இடது தோளை ஒரு கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். "பஸ்ல கோணலா சாஞ்சுட்டேன். வேற ஒண்ணுமில்லை, போங்க."

அவர்கள் தர்பாரையும் அந்தப்புரத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அம்மா பைமேல் தலை சாய்த்துக் கிடந்தாள்.

"எழுப்பட்டுமா?" என்றாள் மகள்.

"தூங்கட்டும் விடு. ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிட்டு வந்துச்சு," என்றான் அண்ணன். "மியூசியத்தைத்தான் சீக்கிரம் மூடுவாங்க. மண்டபம் சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

அவளுக்கும் மியூசியம் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அம்மா முகத்தில் வெயில் விழுந்திருந்தது. மகள் தன் சால்வையை எடுத்து, எங்கே விழித்துவிடுவாளோ என்று விரல்கூடப் படாமல் முகத்தின் மேல் போட்டாள். பிறகு மூவரும் பூனை மாதிரி நடந்து போனார்கள்.

மியூசியத்தில் ஒரு ராஜாவின் கால்சட்டையை விரித்து மாட்டியிருந்தார்கள். இரண்டு ஆள் நுழையலாம். "இதை உங்கண்ணனுக்கு இப்பவே எடுத்து வச்சிடலாம்," என்றாள் அண்ணி. மகள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் முதல் ஆளாக வெளியே ஓடி வந்தாள்.

"அம்மா, எழுந்திரு. உன் முறை வந்தாச்சு."

சால்வையை இழுத்தாள். மடியிலிருந்த கை சரிந்து பெஞ்சுக்குக் கீழே தொங்கியது. அதைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் அது சில்லென்றிருந்தது.

காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தூங்கறாங்கன்னு நெனச்சேன்மா," என்று யார் கேட்டார்கள், கேட்கவில்லை என்று பாராமல் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண்ணாக இருந்தாள். "இதயம்தான். வந்து சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாங்க."

"நாங்க முதல் தடவை வெளிய வந்தப்போ உயிரோட இருந்தாங்களா?"

"அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா."

மகள் வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. அப்போது உயிர் இருந்திருந்தால், தொட்டு ஒரு தடவை எழுப்பியிருந்தால் போதும், பிழைத்திருப்பாள். இல்லையென்றால், பெற்ற தாயின் பிணத்தின் முகத்தை மூடிவிட்டுக் கால்சட்டையைப் பார்த்துச் சிரிக்கப் போயிருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அழுகை மட்டும் வரவில்லை.

அண்ணன் வந்து பக்கத்தில் நின்றான். பிறகு செல்போனை நீட்டினான்.

"உனக்குத் தெரியாம ஒரு வீடியோ எடுத்தேன். முதல் தடவை வந்தப்போ. ஊருக்குப் போய் அம்மாவைக் கிண்டல் பண்ணலாம்னு." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என்னால பாக்க முடியலை. நீ பாரு. மூச்சு இருக்கா பாரு."

அம்மா கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மகள் போனைக் கண்ணருகே கொண்டுபோய் அம்மாவின் மார்பையே பார்த்தாள். அசைந்தது. உயிரே வந்தது அவளுக்கு. அடுத்த கணம் பெஞ்சும் அசைந்தது. பைகளும் பின்னாலிருந்த மதில் சுவரும் அசைந்தன. எடுத்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் அடக்கியிருக்கிறான். படம் முழுக்க ஆடிக்கொண்டே இருந்தது. ஓரத்திலிருந்து அவளுடைய கை சால்வையோடு உள்ளே வந்து அம்மாவின் முகத்தை மூடியது. அதோடு முடிந்தது.

அண்ணி வந்து தோளைத் தொட்டாள். "கையெழுத்துப் போடக் கூப்பிடறாங்க."

"ஒரு நிமிஷம் அண்ணி," என்று அவள் விரலால் படத்தை மறுபடி முதலுக்கு இழுத்தாள்.