தாடையால் கேட்பவருக்கு ஒரு கிடார்

தாடையில் ஒட்டிய தேவதாருப் பலகை, அதன்மேல் ஒரு விரல் நகம், நகம் தட்டியதும் பல்வரிசைக்குள் எழுந்து மண்டை முழுக்கப் பரவிய ஒரு டொங், அது எங்கிருந்து வருகிறதென்று கஸ்பார் சுற்றுமுற்றும் பார்க்கிறார், பாளையங்கோட்டையில் கிடார் செய்கிற சலோமியின் பட்டறை, மரத்தூள் வாசம், எதிரே சலோமி, இன்னொரு தட்டு, இன்னொரு டொங், கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, தூசி விழுந்துட்டும்மா என்றார், அவள் நம்பியதாகத் தெரியவில்லை. வந்ததும் அவர் சொன்னது பொய்தான், பழைய கிடார்ல சத்தம் பத்தல, தூத்துக்குடியில நான் வாசிக்கிற எங்க மாதா கோயில் பெருசு, நல்லா சத்தமா ஒண்ணு செஞ்சு தாங்க என்றார், சலோமி ஒரு பலகையை எடுத்து, கேளுங்க அண்ணாச்சி, இது எப்படிப் பேசுதுன்னு என்று தட்டினாள், அருமை என்றார், அடுத்ததைத் தட்டினாள், அதைவிட அருமை, மூன்றாவதில் அவள் விரல் பலகையைத் தொடவே இல்லை, காற்றில் நின்றது, அதற்கும் ஆகா என்று தலையை ஆட்டிவைத்தார் இந்த மனிதர். அவள் சிரித்திருந்தால்கூடத் தேவலை, சிரிக்கவில்லை, எழுந்து வந்து பலகையை அவர் தாடையில் வைத்து அழுத்தினாள், தட்டினாள், பிறகு முகத்துக்கு நேரே நின்று வாயை நிதானமாக அசைத்துச் சொன்னாள், ஒங்களுக்குக் காது தாடையிலல்லா இருக்கு அண்ணாச்சி.

டாக்டரும் இதைத்தான் வேறு விதமாகச் சொல்லியிருந்தார், உள்காது நன்றாக இருக்கிறது, சத்தம் போகிற வழிதான் இறுகிவிட்டது, காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று, மெஷின் வைத்தால் பாடகர் குழுவில் தெரிந்துவிடும், தெரிந்தால் யார் வாசிக்க விடுவார்கள், எனவே வாய்களைப் பார்த்தே காலத்தை ஓட்டினார், பாதிரியாரின் வாய், மீன்காரியின் வாய், எல்லாரும் கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பதுபோல், ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி ஆடுகிறது, ஆடுவது மட்டும் தெரிகிறது, கனவிலும் அதே மணி அப்படியே ஆடியது, இது விழிப்பா தூக்கமா என்று பல காலையில் அவருக்கே குழப்பம். வாய் தெரியாத இடத்தில்தான் மாட்டிக்கொண்டார், அன்றைக்கு மனைவி அமலோற்பவம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் வெயில், முகம் கறுப்பாக இருக்கிறது, தம்பி போயிட்டான் என்கிறாள், அவர் காதுக்கு ஏதோ தேய்ந்துபோய் எட்டியது, ஆஸ்பத்திரியில் கிடந்த மச்சினன் சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டான் என்று எடுத்துக்கொண்டு, நல்லதாப் போச்சு, எத்தன நாளுதான் அங்கன கெடப்பான் என்று சொல்லி, கிடார் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் ஓடி வந்து அழுதபோதுதான் புரிந்தது, அப்போதாவது எனக்குக் கேக்கல அமலி என்று சொல்லியிருக்கலாம், வீம்பு விடவில்லை, அதற்குப் பிறகு அவள் சோற்றைப் போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுவாள், நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது, பேசா மடந்தையாகிவிட்டாள் என்று அவர் மனசு வெந்து கிடந்தது.

இதையெல்லாம் அவர் சலோமியிடம் சொன்னாரா, சொன்னதாக நினைத்துக்கொண்டாரா, அவள் தையல்காரர்போல் டேப்பை வைத்து அவர் தாடையை அளக்கிறாள், கழுத்தை அளக்கிறாள், குனிஞ்சு காட்டுங்க என்கிறாள், கிடாரோட தோள, இந்த மேல் வளைவ, இங்கன தூக்கி உருட்டி விடுதேன், தாடைய அதுல வச்சு வாசிக்கணும் என்கிறாள். பாக்கிறவங்களுக்குத் தெரியுமாம்மா என்று கேட்டார், தெரியும் என்றாள், கொஞ்சம் மறைவா ஏதாச்சும், என்று இழுத்தார், அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மறைக்கணும்னா கேக்காது அண்ணாச்சி, கேக்கணும்னா மறைக்க முடியாது, எது வேணும்னு யோசிச்சு வாங்க, பெறகு மரத்த அறுப்போம் என்றாள். பஸ்ஸில் யோசித்தார், கடற்கரையில் யோசித்தார், கனவில் அந்தத் தோள் தானாக வளர்ந்து அவர் தாடையைத் தேடி வந்தது, அதைத் தொடுவதற்குள் விழித்துக்கொண்டார், பக்கத்தில் அமலோற்பவம் சுவரைப் பார்த்துத் தூங்குகிறாள், அவளை எழுப்பிவிடலாமா என்றிருந்தது, எழுப்பவில்லை. மறுபடி பாளையங்கோட்டைக்குப் போய், அறுங்கம்மா என்றார்.

மழைக்காலம் முழுக்க மரம் காயவில்லை என்றே சலோமி சொல்லிக்கொண்டிருந்தாள், ஒருவழியாகக் கொடுத்தாள், ஒரு பக்கத் தோள் மட்டும் புடைத்து, பார்க்கக் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது, வீட்டுக்குக் கொண்டுவந்து சன்னலோரம் உட்கார்ந்து தாடையை வைத்து ஒரு கம்பியை மீட்டினார், அடேயப்பா, இத்தனை நாள் எங்கே போயிருந்தது இதெல்லாம், அடுத்த கம்பி, அதற்கடுத்தது, ஒவ்வொன்றாக மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன, கண்ணை மூடிக்கொண்டார், எந்தப் பூசைப் பாட்டு, எந்த வருஷம், அமலி கல்யாணச் சேலையில் முதல் வரிசையில் நிற்கிறாள், கண்ணைத் திறந்தால் அமலி வீட்டுச் சேலையில் எதிரே நிற்கிறாள், அந்தக் கோணல் தோளையும் அதில் கிடக்கிற தாடையையும் பார்க்கிறாள், இது என்ன கூத்து என்று வாய் கேட்கிறது.

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது, எனக்குக் காது கேக்காது அமலி, ரொம்ப நாளாக் கேக்காது, அன்னிக்கு நீ சொன்னதும் கேக்கல, வீட்டுக்குப் போயிட்டான்னுல்லா நெனச்சேன், என் மச்சினன நான் அப்படிச் சொல்வேனா, என்று தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறதென்று தெரியாமலே சொல்லி முடித்தார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள், தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொல்கிறாள், வாய் தெரியவில்லை, அவர் பதறிப்போய், இதுக்குள்ள சொல்லு அமலி, இந்த ஓட்டைக்குள்ள சொல்லு, என்று கிடாரைத் தாழ்த்திப் பிடித்து அதன் தோளில் தாடையை அழுத்திக்கொண்டார். அவள் முழங்காலில் நகர்ந்து வந்தாள், ஓட்டையோரம் மரத்தில் வாயை வைத்தாள், அவள் மூச்சு முதலில் வந்தது, பிறகு குரல், சற்று கரகரத்து, ஆனால் அவளுடைய அதே குரல், எலும்பு வழியாக ஏறி வந்தது, அப்ப இத்தன நாளும் அடுப்படியில நின்னு ஒங்கள நான் ஏசுனதுல ஒண்ணுகூடக் கேக்கலியா?

ஏசினியா, நீ பேசவே இல்லன்னுல்லா இருந்தேன், என்றார். மரம் குலுங்கியது, அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தாடைக்குப் பிடிபடவில்லை, கேக்கல அமலி, ஒண்ணுகூடக் கேக்கல, இப்பச் சொல்லு என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீங்கள்லாம் ஒரு மனுசனா என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.