அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ

என் தம்பி பெண்டாட்டி பத்து வருஷமாகச் சுவரில் படம் போடுகிறாள். அதற்கு அவளிடம் ஒரு அத்தாட்சிகூடக் கிடையாது.

அதைத்தான் கேலரி மேடம் கேட்டார். தெருவில் படம் போடுகிறவர்களுக்காக அவர் ஒரு கண்காட்சி நடத்துகிறார். ஆறு அறைகள். ஐந்து அறைகளுக்கு ஆள் பிடித்தாகிவிட்டது. ஆறாவது அறை காலி. அது தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் இவளுக்கு ஒரு மாதமாகச் சோறு, தூக்கம் எல்லாம்.

"பழைய சுவர்களோட போட்டோ ஒரு பத்து குடுங்க, போதும்" என்றார் மேடம்.

"இல்ல மேடம்."

"ஒண்ணுகூடவா?"

"அனுமதி இல்லாம போட்டது. விடியறதுக்குள்ள போட்டுட்டு ஓடிடுவேன். போட்டோ கைல இருந்தா நானே என்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமே."

"சரி, சுவரையாவது நேர்ல போய்ப் பாக்கலாமா?"

"எல்லாத்தையும் நகராட்சி அழிச்சிடுச்சு."

மேடம் சிரித்தார். "பத்து வருஷமா பாடறேன், ஆனா யாரும் கேட்டதில்லைன்னு சொல்ற மாதிரி இருக்கே."

கூடப் போயிருந்த எனக்குச் சுருக்கென்றது. இவள் மட்டும் நிமிர்ந்தே நின்றாள். மேடத்துக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது போல. "வேணும்னா வெளிச்சுவர் இருக்கு. கண்காட்சி நடக்குதுன்னு தெரியற மாதிரி ஏதாவது போட்டுக் குடுங்க. சனிக்கிழமை திறப்பு" என்றார். அதாவது, உள்ளே இடமில்லை, வாசலில் நில் என்கிறார்.

"எனக்கு மட்டும் வாய் இருந்திருந்தா, சுவரை நீங்களே வெச்சுக்கோங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றேன் வெளியே வந்ததும்.

"உங்களுக்கு வாய் இல்லையா அண்ணி?" என்றாள் அவள்.

என் தொழில் லிஃப்ட் வண்டி ஓட்டுவது. தெருவிளக்கு மாற்றுகிறவர்களையும் விளம்பரப் பலகை கட்டுகிறவர்களையும் கூண்டில் ஏற்றி மேலே தூக்கிவிடுவேன். இந்த வாரம் தூக்கியது இவளை.

பெரிய சுவரில் படம் போட ஒரு வழி உண்டு. முதலில் சுவர் முழுக்கக் கிறுக்க வேண்டும். எட்டு, மீன், ஏணி, முட்டை, எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது. அதைப் போட்டோ எடுத்து, வரைந்து வைத்த படத்தைப் போனில் அதன்மேல் பொருத்திக்கொண்டால் போதும். கட்டைவிரல் மீனுக்கு மேலே, மணிக்கட்டு ஏணிக்குப் பக்கத்தில் என்று கூண்டில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம். திங்கட்கிழமை முழுக்க இரண்டு பேரும் கிறுக்கினோம். என் பங்குக்கு என் தம்பியைச் சின்ன வயதில் நான் கூப்பிட்ட பெயர்களை எழுதிவைத்தேன். அவற்றில் இரண்டை அச்சில் போட முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனால் சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது.

சுவரடியில் நீளக்கம்பு மாட்டிய ரோலரோடு ஒருவர் நின்றார். நாற்பது வயதிருக்கும். செருப்பில்கூட ஒரு சொட்டுப் பெயின்ட் இல்லை. கட்டடத்தைப் பராமரிக்கப் புதிதாக வந்தவராம்.

"வாங்க, வாங்க. எவனோ கழிசடைப் பசங்க சுவர் பூராக் கிறுக்கி வெச்சிருந்தாங்க. நீங்க வந்து பாத்தா மனசு கஷ்டப்படுமேன்னு, ஆறு மணிக்கே ஆரம்பிச்சு முடிச்சிட்டேன்."

"அந்தக் கழிசடைங்க நாங்கதான்" என்றேன்.

அவர் எங்களையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கெட்ட வார்த்தையெல்லாம் இருந்துச்சே."

"அது கெட்ட வார்த்தை இல்ல. என் தம்பி."

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். அவசர அவசரமாகப் போனை எடுத்து நீட்டினார். "அழிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்திருக்கேன். இது உதவுமா?"

"போட்டோ எங்ககிட்டயே இருக்கு. கிறுக்கல் சுவர்ல இருந்தாத்தான் உபயோகம்" என்றாள் அவள் அலுப்போடு. ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டே கூண்டுப் பக்கம் நடந்தவள், நின்று திரும்பினாள். "அழிக்கப்போற கிறுக்கலைப் போய் ஏன் போட்டோ எடுத்தீங்க?"

"பழைய வேலைப் பழக்கம். நகராட்சில சுவர்க் கிறுக்கல் அழிக்கிற பிரிவுல பதினாலு வருஷம் இருந்தேன். அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, அழிச்ச பிறகு ஒரு போட்டோ. ரெண்டும் குடுத்தாத்தான் வேலை செஞ்சதா ஒத்துப்பாங்க. ஒருதடவை மேலதிகாரி, நீ வேலையே செய்யலன்னுட்டாரு. அன்னையிலேருந்து எனக்குன்னு தனியா ஒரு பிரதி போட்டு வெச்சுப்பேன்."

குலுங்கிக்கொண்டிருந்த டப்பா நின்றது.

"வாய்க்கால் ஓரமா ஒரு பம்ப் ஹவுஸ்... அது நீங்க அழிச்சதா?"

"எந்தத் தடவை? அங்க ரெண்டு முறை வந்துது. ரெண்டும் இடதுகை போட்டது."

"யாரு?"

"பேரு யாருக்குத் தெரியும். கோடெல்லாம் இடதுகையால இழுத்த மாதிரி ஒரு பக்கமாச் சாயும். அதனால ஆபீஸ்ல இடதுகைன்னுதான் சொல்லுவோம். ஆளை நாங்க பாத்ததே இல்ல. பெரிய பெரிய கையா வரையற..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. பார்வை மெல்ல இறங்கி, டப்பாவைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையில் வந்து நின்றது. ரோலரைக் கீழே வைத்தார்.

"என்னோடது எத்தனை அழிச்சீங்க?" என்றாள்.

"முப்பத்தொண்ணு."

"நான் முப்பத்துமூணு போட்டேன்."

"மீதி ரெண்டு வேற டிவிஷனா இருக்கும். அவங்க வேலை அவ்வளவு சுத்தமா இருக்காது."

ரோலரைப் பிடுங்கி அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சுவரோரமாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று கிட்டே போனால், சிரிக்கிறாள்.

"போட்டோ எல்லாம் இருக்கா?"

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மொத்தம் அறுபத்திரெண்டு."

அன்றைக்கே மூன்று பேருமாகச் சுவரைத் திரும்பக் கிறுக்கினோம். கிறுக்கிப் பழக்கமில்லாததால் அவர் ஒரு எட்டுப் போட்டுவிட்டு, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

புதன்கிழமை மூன்று கோப்புகள் மேடத்தின் மேஜைக்கு வந்தன. மேடம் லேசில் நம்புகிறவர் இல்லை. கோப்பை எங்களுக்குத் தெரியாதபடி தன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மார்க்கெட் பின்சுவர்ல என்ன இருக்கு?"

"பூட்டுத் திறக்கற கை. சாவி இல்ல, ஹேர்பின்."

பக்கத்தைத் திருப்பினார். "பஸ் டிப்போ?"

"டிக்கெட் கிழிக்கற கை. கட்டைவிரல்ல துணிக்கட்டு போட்டிருக்கும்."

"பள்ளிக்கூடச் சுவர்?"

இவள் யோசித்தாள்.

"பள்ளிக்கூடத்துல நான் போட்டதே இல்ல மேடம். அது வேற யாரோ."

மேடம் கோப்பை மூடினார். "கோப்புல பள்ளிக்கூடமே இல்ல. சும்மா கேட்டேன்" என்றார். "ஆறாவது அறை உங்களுக்குத்தான்."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். மேடம்தான் படங்களைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார். கைகள் இருந்ததையெல்லாம் ஒரு பக்கம், வெறும் சுவரையெல்லாம் மறு பக்கம். "இதெல்லாம் வேண்டாம். ஒண்ணுமே இல்லாத சுவரை யார் பாப்பாங்க?"

அதுவரை கதவோரம் நின்ற பராமரிப்புக்காரர் முன்னால் வந்தார்.

"ஒண்ணுமில்லாத சுவர் இல்ல மேடம். அழிச்ச இடம் திட்டா தெரியக் கூடாதுன்னு, ஒவ்வொரு சுவரோட பழைய நிறத்துக்கும் தனியா கலந்து பிடிச்சு அடிச்சது. எங்கேருந்து எதுவரைக்கும் அடிச்சிருக்கேன்னு சொல்லுங்க பாப்போம்."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படத்தின்மேல் குனிந்தார். பிறகு இன்னொன்றின்மேல். சொல்ல முடியவில்லை.

"ரெண்டும் ஜோடியாத்தான் மாட்டணும் மேடம்" என்றாள் என் தம்பி பெண்டாட்டி. "இல்லைன்னா எனக்கு அறை வேண்டாம்."

மேஜைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். அசையவில்லை. ஒரு மாதமாக ஏங்கிய அறையை, முந்தாநாள்வரை முகம் தெரியாத ஒருவருக்காகப் பந்தயம் வைக்கிறாளே என்று எனக்குப் பதறியது. மேடம் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"சரி, மாட்டலாம். கீழே 'அழித்தது: நகராட்சி'ன்னு போட்டுடறேன்."

"நகராட்சியா ரோலர் பிடிச்சுது? இவர் பிடிச்சாரு" என்றாள். அவர் பெயர்தான் போடப்பட்டது, அவள் பெயர் இருந்த அதே அளவு எழுத்தில்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் வெளிச்சுவரும் முடிந்தது. லிஃப்ட்டின் விசையைப் பிடித்த கை, இரண்டு மாடி உயரத்துக்கு. நகக்கண்ணில் கிரீஸ், விரல்முட்டியில் பழைய வெட்டுத் தழும்பு. என்னுடைய கை. இத்தனை வருஷமாக ஊரைத் தூக்கி இறக்கிய கையை, ஊர் தலை நிமிர்ந்து பார்த்தது.

சனிக்கிழமை ஆறாவது அறையில் நிற்க இடமில்லை. கைகளைப் பார்த்து முடித்தவர்கள் நகரவில்லை. வெறும் சுவர்ப் படங்களில் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து, அழித்த விளிம்பைத் தேடினார்கள். "இங்கதான்" என்றார் ஒருவர். "அது மழைக்கறை" என்று பக்கத்திலிருந்து பதில் வந்தது. சலவைச் சட்டையில் வந்திருந்த என் தம்பி, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும், "என் ஒய்ஃப்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி, அழித்தவரைப் பிடித்துக்கொண்டாள். "முப்பத்தொண்ணுல எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு சார்?"

அவர் யோசிக்கவே இல்லை. நேராக நாலாவது ஜோடியிடம் போனார். ஊசியில் சிவப்பு நூல் கோக்கிற கை.

"இதுதான். ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சேன், காஞ்சதும் சிவப்பு மேல வந்துடுச்சு. ரெண்டாவதுக்கும் வந்துது, மூணாவதுக்கும் வந்துது. நாலாவது கோட்டுக்குத்தான் அடங்குச்சு. எந்தப் பாவிடா இப்படி அழுத்திப் போட்டதுன்னு அன்னைக்குப் பூராத் திட்டினேன்."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த என் தம்பி பெண்டாட்டியின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

"நாலு கோட்டா?" என்றாள்.

"நாலு" என்றார் அவர், திரும்பி அவளைப் பார்த்து.

அவள் கூட்டத்துக்குள் புகுந்து, யாரிடமோ பேசிக்கொண்டிருந்த என் தம்பியின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க வாங்க. இவர் என்ன சொல்றாருன்னு நீங்களே கேளுங்க."