கிணற்றடியில் ஒரு ‘நீங்க’

1

இந்தக் கதை ஒரு சாதாரணப் பேச்சில் தொடங்கியது. ரைன் நதிக்கரையில் நான் வெகுகாலமாகக் குடியிருக்கும் ஊரில் யூதர் தெரு என்று ஒன்று உண்டு. அதில் யூதர் யாரும் இல்லை. ஏன் என்று மாடிவீட்டு உர்சுலாவிடம் கேட்டேன்.

“கொள்ளைநோய்க் காலத்துல கிணத்துல விஷம் கலந்தாங்கன்னு கொளுத்திட்டாங்களாம்.”

“கலந்தாங்களா?”

“யாருக்குத் தெரியும்? ஏதோ இல்லாமலா சொல்லியிருப்பாங்க.”

உர்சுலா நல்லவர். நான் காய்ச்சலில் கிடந்தால் சூப் வைத்துக் கொண்டுவருபவர். அதனால்தான் பயம் வந்தது.

2

‘1349இல் இந்த ஊருக்குள் வெறுப்பு நுழைந்தபோது...’

[எழுதிய முதல் வரியை அடித்துவிட்டேன். வெறுப்பு அந்த ஆண்டு நுழைந்ததல்ல. யூதர்கள் கடவுளைக் கொன்றவர்கள் என்று தேவாலயத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். நிலம் வாங்க விடவில்லை, கைவினைஞர் சங்கங்களில் சேர்க்கவில்லை. வட்டிக்குக் கொடுக்கும் பிழைப்பை மட்டும் அவர்களுக்கு விட்டுவைத்து, அதற்காகவே காறித் துப்பினார்கள். நோய் வந்தபோது பழியைப் போட ஆள் தயாராக இருந்தது.]

கிணற்றடியில் தொடங்குகிறேன். ரெக்லின் யூதர் தெருக்காரி. மெட்சா அடுத்த தெரு ரொட்டிக்காரரின் மனைவி, கிறிஸ்தவள். ஒரே கிணற்றில் நீர் இறைத்துப் பழகியவர்கள். மெட்சாவின் மகன் முந்தின நாள்தான் நோயில் இறந்திருந்தான். அவள் வெறும் வாளியோடு நின்றாள்.

“ஏன் இறைக்கல?”

“எல்லாரும் பேசிக்கறாங்க. உன் காதுல விழலியா?”

ரெக்லினுக்குப் புரிந்தது. நீரை இழுத்து வயிறு முட்டக் குடித்தாள். இடுப்பிலிருந்த மகள் குட்லினுக்கும் புகட்டினாள். “இப்ப நம்புறியா?”

“நீங்க* குடிப்பீங்க. உங்களுக்குத்தான் மாத்து மருந்து தெரியுமே.”

[மெட்சா இவ்வளவு கொடியவளா? பலமுறை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டே இதையேதான் சொன்னாள்.]

* அதுவரை ‘நீ’ என்றே பேசியவள். இந்த ‘நீங்க’ மரியாதை அல்ல, பன்மை.

3

கும்பல் சனிக்கிழமை காலையில் வந்தது. தெருமுனை அடைபடுவதற்குள் ரெக்லின் குட்லினைத் தூக்கிக்கொண்டு ஓடி, ரொட்டிக்காரர் வீட்டுப் பின்கதவைத் தட்டினாள்.

முதலில் எழுதிய முடிவில் கதவு திறக்கவேயில்லை. அடுத்ததில் அகலத் திறந்தது. அதை என் ஆறுதலுக்காக எழுதியிருந்தேன், கிழித்துப்போட்டேன். இப்போது பாதி திறந்திருக்கிறது.

“உன்னை வெச்சுக்க முடியாது, ரெக்லின். புள்ளையக் குடு. ஞானஸ்நானம் பண்ணி என் மகளா வளத்துக்கறேன்.”

“என்னைப் பத்தி அவகிட்ட என்ன சொல்லுவ?”

மெட்சா தெருவைப் பார்த்தாள். “சீக்கிரம் குடு.”

கொடுத்தால் குட்லின் பிழைப்பாள். யூதர்கள்தான் விஷம் கலந்தார்கள் என்று ஒருநாள் தன் பிள்ளைகளிடமே சொல்லக்கூடும். கொடுக்காவிட்டால் குட்லின்

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.]

தெரு எரிந்தது. அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. குழந்தை யாரிடம் இருந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. மெட்சா கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். குட்லின் அம்மாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிடியை விலக்குவதா என்று நீங்கள்தான் ரெக்லினுக்குச் சொல்ல வேண்டும்.