ஒன்பதை அடித்து இரண்டு

என் வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். குமாரபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்து சென்னிமலை வீடு எது என்று கேட்டால், "அந்த லொள்ளுப் புடிச்ச மனுசனா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். எனக்கு அதில் பெருமைகூட உண்டு. இப்போது மூன்று மாதமாக அந்த வாயை ஊசி நூல் கொண்டு தைத்துவிடலாமா என்றிருக்கிறது.

வீட்டை ஒட்டியே எங்கள் பட்டறை. நான்கு விசைத்தறி, லுங்கி ஓடுகிறது. ஆள் வைத்துக்கொள்ளவில்லை. நானும் என் மனைவி கண்ணாத்தாளும் மாறி மாறி ஓட்டுவோம். ஒரே மகள் அறிவுச்செல்வியை ஆத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. கண்ணாத்தாளுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். எனக்கு நாலு வருஷம்தான். அதிலும் அவள்தான் மூத்தவள் என்று கிண்டல் செய்வேன்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை சௌமியா என்ற பெண் வந்தாள். அயோத்தியாப்பட்டணத்துப் பெண். சேலத்தில் ஏதோ ஒரு கல்லூரிக்காரர்கள், சர்க்கரைக்காரர்களுக்கு எவ்வளவு அசதி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்களாம். அவள் வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன் எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

"பூச்சியத்துல இருந்து பத்து வரைக்கும் நம்பர் கேப்பாங்க. ஏழுக்குக் கொறையாமச் சொல்லு. ஏழுன்னா வியாழக்கெழம வண்டி வெச்சுச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயி எல்லா டெஸ்டும் சும்மாவே பாக்கறாங்க. மத்தியானச் சோறும் உண்டு. நான் எட்டுன்னு சொல்லீட்டேன்."

அவன் எட்டு சொன்னால் நான் ஏழாவது சொல்ல வேண்டாமா? சௌமியா கேட்டவுடன், முகத்தைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஏழு அம்மிணி" என்றேன்.

"காத்தால ஆறு தோச தின்னவருங்க" என்றாள் கண்ணாத்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. சௌமியாவும் சிரித்தாள். என் தாளில் ஏழு ஏறிவிட்டது.

அடுத்துக் கண்ணாத்தாளைக் கேட்டாள். "போன ஒரு வாரத்துல எவ்வளவு அசதியா இருந்தீங்கம்மா? அசதியே இல்லைன்னா பூச்சியம். எந்திரிக்கவே முடியலைன்னா பத்து."

நான் யோசிக்காமல் சொன்ன பதிலுக்குக் கண்ணாத்தாள் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஏதோ தப்புச் செய்ததை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி மெதுவாக, "ஒம்பதுங்க அம்மிணி" என்றாள்.

சௌமியா ஒன்பது என்று எழுதினாள்.

"ஒம்பதா!" என்று நான் தொடையில் தட்டிச் சிரித்தேன். "அப்பப் பத்துன்னா என்ன புள்ள, பாடையா?"

கண்ணாத்தாளும் சிரித்துவிட்டாள். முப்பத்தொரு வருஷமாக என் கேலிக்கு முதலில் சிரிக்கிற ஆள் அவள்தான். சிரித்து முடித்து, "செரி, ரெண்டு போட்டுக்குங்க அம்மிணி. இவரு இப்படித்தான்" என்றாள்.

சௌமியா பேனாவை எடுக்கவில்லை. "அம்மா, அவர் சொல்றத விடுங்க. சர்க்கரை இருக்கறவங்களுக்கு நெஞ்சுல கோளாறு இருந்தாலும் சில பேருக்கு வலி தெரியாது. அசதி மட்டும்தான் தெரியும். அதுக்குத்தான் கேக்கறோம். நெசமா எவ்வளவு?"

அவளை நான் பதில் சொல்ல விடவில்லை. "அவதான் ரெண்டுன்னு சொல்லீட்டாள்ல, போடு அம்மிணி. நாலு தறியும் ஓட்டறா, சோறாக்கறா, இதுல அசதி எங்கிருந்து வந்துச்சு? அதுவுமில்லாம ரெண்டு பேரும் வண்டியேறீட்டா வியாழக்கெழம பாவு யாரு பிணைக்கறது?"

பாவு பிணைப்பது என்றால், தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுத் திரித்துவிடுவது. மூவாயிரத்துச் சொச்சம் இழை. உட்கார்ந்தால் பகல் முழுக்க வேலை. எங்கள் வீட்டில் அது கண்ணாத்தாள் வேலை. என் விரல் தடிமனுக்கு அது வராது. மூன்றாம் தறியில் பாவு புதன்கிழமையோடு தீர்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கேலி பாதி, கணக்கு பாதி. இதை யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை.

சௌமியா கண்ணாத்தாளைப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டினாள். ஒன்பதை ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு என்று எழுதினாள் அந்தப் பெண்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. கண்ணாத்தாள் அதற்கு முன்பே கொட்டாங்குச்சியில் சாம்பலோடு மூன்றாம் தறியில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற மூன்று தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்" என்று கத்தினேன். தறிச் சத்தத்தில் அவள் பதில் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள். நெற்றியில் அவ்வளவு காலையிலேயே வேர்வை. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு வண்டியில் ஜன்னல் பக்கம் இடம் பிடித்தேன்.

சேலத்தில் என் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்தார்கள். நடக்கவிட்டுப் பார்த்தார்கள். "உங்க நெஞ்சு நல்லா இருக்குதுங்க ஐயா. கவலையே வேண்டாம்" என்றார் டாக்டர். சாம்பார் சாதம் போட்டார்கள். நானும் கருப்பண்ணனும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். திரும்பும்போது சங்ககிரியில் வண்டியை நிறுத்தினார்கள். அவளுக்கென்று நான்கு கொய்யாக்காய் வாங்கினேன். செங்காயாகப் பார்த்து வாங்கினேன். பழுத்தது சர்க்கரைக்கு ஆகாது என்பாள்.

தெருவில் இறங்கினால் எங்கள் பட்டறையில் சத்தமே இல்லை. மற்ற எல்லா வீட்டிலும் தறி ஓடுகிறது, என் வீட்டில் மட்டும் ஓடவில்லை. குறுக்கே ஓடும் ஊடைநூல் தீர்ந்து மூன்று தறியும் தானாக நின்றிருக்கின்றன, மாற்றிப் போட ஆள் இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்லாருக்குதே! மகாராணி பகல்லயே தூங்கியாச்சா?" என்று கத்திக்கொண்டேதான் உள்ளே போனேன்.

அவள் தறிக்குள் உட்கார்ந்தபடியே பாவின் மேல் தலையைச் சாய்த்திருந்தாள். விரல் நுனியெல்லாம் சாம்பல். நான் அவளை இரண்டு தடவை திட்டினேன். மூன்றாம் தடவை தோளைத் தொட்டேன். உடம்பு குளிர்ந்திருந்தது.

காலையிலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் வந்து பார்த்த டாக்டர். "நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"அசதின்னு ஏதாவது?"

என் சட்டைப் பையில் என் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்ற தாள் மடித்திருந்தது.

ஆத்தூரிலிருந்து வந்த அறிவுச்செல்வி அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, நீ எங்க போயிருந்த?"

கருமாதி முடிந்து ஒரு நாள் மூன்றாம் தறிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் பிணைத்த இழைகளைப் பார்த்தேன். வலது ஓரத்தில் ஒரே சீராக இருந்தன. போகப் போகக் கோணலாகி, கடைசியில் விரல் வைத்தாலே நழுவின. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு மாதமாகவே அவள் பிணைத்த இழைகள் நழுவிக்கொண்டுதான் இருந்தன. ஒரு நாளைக்கு நான்கு தடவை தறி நிற்கும். "கண்ணு எங்க இருக்குது உனக்கு?" என்று நானும் நாளைக்கு நான்கு தடவை கத்துவேன். அவள் ஒன்பது என்று வாயால் சொல்வதற்கு முன்பே கையால் சொல்லியிருக்கிறாள். தறிக்காரன் நான், எனக்கு அது படிக்கத் தெரியாதா? படிக்க மனசில்லை, அவ்வளவுதான். அந்தப் பாவை இன்றுவரை நான் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை, சௌமியா மறுபடி வந்தாள். அதே ஆட்களை இரண்டாம் தடவை கேட்க வேண்டுமாம். "அம்மா பட்டறையில இருக்காங்களாங்க?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சின்னப் பெண், தேம்பித் தேம்பி அழுதாள்.

அவள் மடியில் கிடந்த தாள்கட்டுக்குள் கண்ணாத்தாளின் தாள் தெரிந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். அடித்த கோட்டுக்கு அடியில் ஒன்பது தெளிவாகத் தெரிந்தது.

"இத மாத்தி எழுது சாமி. அவ சொன்னத எழுது."

"முடியாதுங்க ஐயா. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. ரெண்டுன்னுதான் இருக்கு."

"நாந்தான் பொய் சொல்ல வெச்சேன்னு எழுதிக் கொடுக்கறேன்."

"நானே அன்னைக்கு மாத்தி எழுதியிருக்கக் கூடாதுங்கய்யா" என்றாள் அவள். அந்தக் குழந்தை எதற்குப் பழியைச் சுமக்க வேண்டும்? நான் அவள் தலையில் கை வைத்தேன். என் அசதி எவ்வளவு என்று கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் நம்பர் இல்லை.

அடுத்தது கருப்பண்ணன் வீடு. அவன் மனைவி சின்னாயிக்கும் சர்க்கரை. நானும் கூடவே போனேன். சின்னாயி தறியை விட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். கருப்பண்ணன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இவளுக்கு என்னங்க அசதி..." என்று ஆரம்பித்தான்.

அவன் கையைப் பிடித்து எழுப்பினேன். "வாடா, டீ குடிச்சிட்டு வரலாம்."

"இப்பத்தானே குடிச்சேன்?"

"மறுபடி குடி."

விறைத்துக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டான். வாசலில் நின்று சௌமியாவிடம், "எவ்வளவு நேரம் ஆகும் சாமி?" என்று கேட்டேன்.

"பத்து நிமிசம் போதுங்கய்யா."

தெருமுனை டீக்கடைப் பலகையில் போய் உட்கார்ந்தோம். சின்னாயி என்ன நம்பர் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. பத்து நிமிஷம். கண்ணாத்தாளைக் கேட்ட அன்றைக்கும் இந்தப் பலகை இங்கேதான் இருந்தது.