மே முதல் நாளில் பால் கேட்டவள்

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. நாற்காலியில் தூங்கும் பூனையைத் தள்ளிவிடுங்கள், அது ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. நனைந்த கோட்டை அடுப்புப் பக்கம் மாட்டுங்கள். இது சட்டென்று நிற்கிற மழையாகத் தெரியவில்லை, நானும் சட்டென்று நிறுத்துகிற ஆள் இல்லை. எங்கள் டிரம்காரா ஊர் அருங்காட்சியகத்துக்கு ஒருத்தி வந்து ஒரு சொட்டுப் பால் கேட்ட கதையைச் சொல்கிறேன்.

அருங்காட்சியகம் என்றதும் பளிங்குத் தூண்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது பழைய பால் நிலையம். ஊர்ப் பாலெல்லாம் ஒரு காலத்தில் கழுதை வண்டியில் அங்கேதான் வந்து இறங்கியது. அது மூடிய பிறகு எங்கள் ஊர் அட்ராக்டா சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். யார் வீட்டில் எதைத் தூக்கி எறிந்தாலும் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். துருப்பிடித்த கலப்பை, கால் ஒடிந்த தொட்டில், யாருடையது என்று ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பல் செட்டு. ஓய்வுபெற்ற தபால்காரர் மாலக்கி எல்லாவற்றுக்கும் விளக்க அட்டை எழுதினார். நான் டீ போட்டேன், பேச்சும் கொடுத்தேன். பள்ளிப் பிள்ளைகள் வந்து ரொட்டி சுடுவார்கள், நாணல் பின்னுவார்கள், வெண்ணெய் கடைவார்கள். அவர்கள் போன பிறகு தரையைக் கழுவுவதற்குள் எங்கள் இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் விடிந்தால் அங்கே போய் நிற்பதைத் தவிர அட்ராக்டாவுக்கு வேறு வழக்கம் கிடையாது.

கட்டடம் கவுன்சிலுடையது. அந்த வசந்தத்தில் அதை உடற்பயிற்சிக் கூடமாக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. பேருந்து கிளம்பினால்கூட ஓடிப் பிடிக்காமல் அடுத்ததுக்குக் காத்திருக்கும் ஊர் எங்களுடையது. இருந்தாலும் ஆசை ஆசைதானே. ஓர் அதிகாரி வந்து பிள்ளைகளின் வகுப்பைப் பார்ப்பார், அவருக்குப் பிடித்தால் கட்டடம் எங்களுக்கு, பிடிக்காவிட்டால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அட்ராக்டாவின் கொட்டகை ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. "அந்தத் தொட்டிலை எங்க கொண்டு போய் வைப்பேன், என் கட்டில் மேலயா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் மே ஒன்று. வெண்ணெய் கடையும் வகுப்பு. அந்த இரண்டையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை, மாலக்கியும்கூட. இத்தனைக்கும் சுவரில் அவர் எழுதிய அட்டையே தொங்கியது. 'நம் முன்னோரின் அறியாமை' என்று தலைப்புப் போட்டு, அடியில் இரண்டு கோடு வேறு. மே முதல் நாளில் வீட்டைவிட்டுப் பாலோ, வெண்ணெயோ, உப்போ, நெருப்போ வெளியே போனால் அந்த வருடத்து வெண்ணெயின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும். அன்றைக்கு வந்து அவற்றைக் கேட்பவள் வெண்ணெய்த் திருடி. அந்தக் காலத்தில் இப்படி நினைத்தார்களாம் என்று அழகாக எழுதியிருந்தார்.

பிள்ளைகள் உயரமான மரத்தாழியைச் சுற்றி நின்று, கடைகோலை மேலும் கீழுமாக ஆள் மாற்றி ஆள் குத்திக்கொண்டிருந்தார்கள். வெண்ணெய் திரளவே இல்லை. மாலக்கி பாலாடையை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். அது அவ்வளவு குளிரில் திரளாது என்று புரிந்ததும் தாழியை மெதுவாக அடுப்புப் பக்கம் நகர்த்தினார். அந்த நேரத்தில்தான் கவுன்சில் அதிகாரி டெர்வலா உள்ளே வந்தாள். நல்ல சாம்பல் நிற ஜாக்கெட். கடைகிற வீட்டுக்குள் வந்தால் வேலையை வாழ்த்திவிட்டுக் கோலை ஒரு குத்தாவது குத்த வேண்டும். அவள் வாழ்த்தவும் இல்லை, கோலைத் தொடவும் இல்லை. நான் கொடுத்த டீக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு போன் பேச வேண்டும், காரில்தான் சிக்னல் கிடைக்கிறது என்றாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"கொஞ்சம் பால் கிடைக்குமா?"

எங்கள் மூன்று பேருக்கும் அந்த நிமிடத்தில்தான் தேதி நினைவுக்கு வந்தது.

"பால் இல்லைங்களே," என்றாள் அட்ராக்டா. அவள் கை ஊன்றியிருந்த மேசையில் பால் ஜாடி இருந்தது.

திரிந்துபோய்விட்டது என்றார் மாலக்கி. நான் என் பங்குக்கு, பால் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்வதாகச் சொன்னேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னது பொய்யை விட மோசமாக இருந்தது. டெர்வலா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கறுப்பு டீயோடு வெளியே போனாள்.

சற்று நேரத்தில் வாயில் சிகரெட்டோடு மறுபடி தலையை நீட்டினாள். லைட்டர் தீர்ந்துவிட்டதாம். கொஞ்சம் நெருப்பு வேண்டுமாம்.

"இங்க நெருப்பு இல்லைங்க," என்றார் மாலக்கி. அவர் முதுகுக்குப் பின்னால் அடுப்பில், விறகுக்குப் பதில் நாங்கள் எரிக்கும் சதுப்பு மண் கட்டிகள் சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருந்தன.

முன்வரிசையில் ஃபீயா என்றொரு பெண் நின்றாள். ஒன்பது வயது, பின்னலை வாயில் வைத்துச் சப்புகிற பிள்ளை. சுவரில் இருந்த அட்டையை எழுத்து விடாமல் படித்துவிட்டுத் தன் டீச்சரிடம் திரும்பினாள். "டீச்சர், இன்னைக்கு மே ஒண்ணு. இவங்க பால் கேட்டாங்க. நெருப்பும் கேட்டாங்க. வெண்ணெயும் வரவே இல்ல. இவங்கதான் அந்தத் திருடி."

டீச்சர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. டெர்வலா சிகரெட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். அட்டைக்கு முன்னால் போய் நின்று முழுவதும் படித்தாள். கோல் குத்தும் சத்தம் நின்றுவிட்டது. அட்ராக்டாவின் கண் அந்தத் தொட்டில் மேல் போனதை நான் பார்த்தேன். போயிற்று, கட்டில் மேல்தான் என்று நினைத்திருப்பாள் பாவம்.

"இதையெல்லாம் நீங்க நம்புறீங்களா?" என்று டெர்வலா கேட்டாள்.

"சேச்சே. அதெல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க நம்பினது," என்றாள் அட்ராக்டா.

"அப்ப கொஞ்சம் பால் ஊத்துங்க. கார்ல வெச்சுக் குடிக்கிறேன்."

அட்ராக்டா ஜாடியை எடுத்தாள். கோப்பைக்கு மேலே கொண்டுவந்தாள். சாய்க்கவும் செய்தாள், பால் ஜாடியின் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. கட்டடம் முழுக்க அந்த ஒரு சொட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மணிக்கட்டு கேட்க வேண்டுமே.

"நாளைக்கு வாங்கம்மா," என்றாள் கடைசியில், அழுகிற குரலில். "வாளியோட தர்றேன்."

டெர்வலா ஜாடியைப் பார்த்தாள், அட்ராக்டாவைப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி, கலப்பையின் கைப்பிடியில் மாட்டினாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். "வேலைய ஆண்டவன் ஆசீர்வதிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கோலைப் பிடித்தாள் பாருங்கள், அது அலுவலகத்தில் பேனா பிடித்த பிடி இல்லை. தோளிலிருந்து இறங்கி, இடுப்பு அசையாமல், ஒரே தாளத்தில் குத்தினாள். "எங்க வீட்ல எங்க அம்மா, கடையும்போது வந்த பாதிரியாரையே ஒரு குத்துக் குத்தாம விட்டதில்ல," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

தாழிக்குள் சத்தம் மாறியது. வெண்ணெய் திரண்டுவிட்டது. அடுப்புச் சூட்டில் பாலாடை பதமாகியிருந்தது என்று மாலக்கி விளக்கினார், ஒருவரும் கேட்கவில்லை. திருடி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். ஃபீயா அவளை மன்னிக்கவும் செய்தாள்.

ரொட்டியில் தடவி எல்லாரும் தின்றோம். பிள்ளைகள் கிளம்பும்போது அட்ராக்டா வாசலில் துண்டோடு நின்று ஒவ்வொரு வாயையும் துடைத்து அனுப்பினாள், உதட்டில் ஒட்டிய வெண்ணெய் வெளியே போய்விடக் கூடாதாம். வயிற்றுக்குள் போனதை என்ன செய்வது என்று மாலக்கி கேட்டார். அவள் அடுத்த வாயைத் துடைத்தாள்.

டெர்வலாவுக்கென்று ஓர் உருண்டை வெண்ணெயைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்த அட்ராக்டா, வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். டெர்வலாவும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"கட்டடத்தோட விஷயம்..." என்று இழுத்தாள் அட்ராக்டா.

"இன்னைக்கு உங்ககிட்ட இருந்து ஒண்ணையும் எடுத்துட்டுப் போக முடியாதே," என்றாள் டெர்வலா, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே. "கட்டடத்தையும் சேத்துத்தான். நாளைக்கு வர்றேன், அந்தப் பாலுக்கு."

மறுநாள் காலை நான் போனபோது அட்ராக்டா தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு சாலையோரக் கதவருகே நின்றிருந்தாள். ஒரு கையில் தட்டில் வெண்ணெய், இன்னொரு கையில் வாளி நிறையப் பால். தூறல் பாலுக்குள் விழுந்துகொண்டிருந்தது, மூடி போட அவளுக்குக் கை இல்லை. திருப்பத்துக்கு அப்பால் ஒரு கார் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

போய் வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், உங்கள் பால் திரியாதிருக்கட்டும். வாசலில் வந்து கேட்பவரிடம் நீங்கள் இல்லை என்று சொல்லும் நாள் வருடத்தில் ஒன்றுக்கு மேல் வராதிருக்கட்டும்.